கதவு நிலைக்கு வாழ்க்கைப்பட்டவள்

(பழனி மலைப் பகுதித் தோழர்களின் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையேறி வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மிளகும் மலைவாழையும். மேலே ஏறினால் பூம்பாறை, மன்னவனூர். படிப்படியாக வெட்டிய நிலங்களில் மலைப்பூண்டு. அந்நிலங்களில் குனிந்து நிற்போர் யார்? களை பறிப்போர் யார்? காப்பிப் பழம் பறித்துக் கூடையில் நிரப்புவோர் யார்? பெரும்பாலும் பெண்கள். அந்நிலத்தின் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் பெயர் யாருடையது? விடையை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முகங்களே சொல்கின்றன.

கணவன் சொத்தில் மனைவிக்கு என்ன உரிமை என்பதுதான் இன்று பேச வந்த பொருள். எங்கோ டில்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ தொடங்கப்போவதில்லை. இந்த மலையிலிருந்தே தொடங்குகிறேன்; ஏனெனில் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடி ஒன்று இந்த மலையிலேயே இருக்கிறது.

மதுரை மாவட்டத்தைப் பற்றி நெல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1868-ல் ஒரு பெருநூல் வெளியிட்டார். பின்னர் 1906-ல் பிரான்சிஸ் என்பவர் மாவட்ட விவரச்சுவடி எழுதினார். பழனி மலைக் குன்னுவ மக்களின் பழைய வழக்கம் ஒன்றை இருவரும் குறித்து வைத்திருக்கின்றனர். ஆண் பிள்ளை இல்லாத வீடு. ஒரே ஒரு மகள். அவளை வேறு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தால் நிலம் குடும்பத்தை விட்டுப் போய்விடும். என்ன செய்வது? அவளை வீட்டின் கதவு நிலைக்கே மணமுடித்து வைத்தனர்! ஆம், தோழர்களே, மனிதனுக்கு அல்ல, மரத்துக்கு! கழுத்தில் தாலி இல்லை. அதற்கு மாறாக வலக்கையில் ஒரு வெள்ளிக் காப்பு. முறை மாப்பிள்ளை அவளைக் கேட்டு வர முடியாது. தன் இனத்து ஆண்மகன் ஒருவனோடு அவள் கூடி வாழலாம். பிறக்கும் மகன் பாட்டன் வீட்டுச் சொத்துக்கு உரியவன். வீட்டைக் காப்பாற்றி வைத்தல் என்பது இதற்கு அவர்கள் தந்த விளக்கம்.

சில இடங்களில் கதவு நிலைக்கு மாறாகச் சின்னஞ்சிறு பையனுக்குக் கட்டி வைப்பதும் உண்டாம். அதனால் எழுந்த வழக்குகளில், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குத் தந்தை என்று சாட்சி சொல்லப்பட்டு, மதுரைக் கலெக்டர்கள் திகைத்துப் போனதுண்டு என்று நெல்சன் எழுதுகிறார்.

இதைச் சொல்லிக் குன்னுவ மக்களை இழித்துரைக்க வந்தேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய ஏட்டுச் செய்தி இது. இதைவிட மோசமானதைச் சமவெளியில் சாத்திரம் படித்தவர்கள் செய்துகொண்டிருந்தார்கள், அதற்கு வருகிறேன். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பெண் சொத்துக்கு உரியவளா, அல்லது சொத்து ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கடந்துபோகும் வாய்க்காலா? வாய்க்காலில் நீர் ஓடும். ஆனால் நீர் வாய்க்காலுடையது என்று எவரும் சொல்வதில்லை.

சமவெளிக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்திய இந்து சட்டத்தில், கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்தால் மனைவிக்குக் கிடைத்தது சோறும் துணியும். அதற்கு ஜீவனாம்சம் என்று அழகான பெயர். பாகம் பிரிந்த கணவன் ஆண் வாரிசு இன்றி இறந்தால் நிலம் அவள் கைக்கு வரும். ஆயின் எப்படி வரும்? ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம். தக்க காரணமின்றி விற்கக்கூடாது. அவள் கண்ணை மூடியதும் கணவனின் பங்காளிகள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அவள் எப்போது சாவாள் என்று பங்காளி காத்திருப்பதற்கே சட்டம் ஓர் உரிமைப் பெயர் கொடுத்திருந்தது! விதவை மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெருமையாகப் பேசுவோர், அதன் இரண்டாம் பிரிவைப் படிப்பதில்லை. மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் சொத்தில் அவள் செத்தவளாகக் கருதப்படுவாள் என்பது அதன் சாரம். இங்கே கதவு நிலை. அங்கே பங்காளியின் நிழல். வேறுபாடு எவ்வளவு என்று நீங்களே அளந்து கொள்ளுங்கள்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணுக்கு ஒப்பப் பெண்ணுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அன்று கேலி செய்தவர்கள் உண்டு. எட்டு ஆண்டு கழித்து, 1937-ல், மத்திய சட்டசபையில் தேஷ்முக் கொண்டுவந்த சட்டம் விதவைக்கு மகனுக்கு ஈடான பங்கு தந்தது. தந்தது என்று சொல்லிவிட்டேன். அதுவும் ஆயுட்கால அனுபவமே. மேலும் 1941-ல் பெடரல் கோர்ட் ஒரு விளக்கம் சொல்லிற்று: இந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது! நிலத்தைத் தவிர வேறு சொத்து என்ன இருக்கிறது நம் மக்களிடம்? தோட்டம் இல்லை, வயல் இல்லை. வெண்கலக் குடத்தில் பங்கு உண்டு! சென்னை மாகாணம் 1947-ல் தனிச் சட்டம் இயற்றி விவசாய நிலத்தையும் சேர்த்த பிறகே அது உயிர் பெற்றது.

அப்புறம் அம்பேத்கர் போராடினார். இந்து சட்டத் தொகுப்பு முடங்கியபோது 1951-ல் அமைச்சர் பதவியைத் துறந்தார். துண்டு துண்டாக்கப்பட்டாலும் அதன் ஒரு பகுதி 1956 ஜூன் 17 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதன் 14-ஆம் பிரிவை நம் தோழர்கள் மனப்பாடம் செய்யலாம். பெண் கையில் உள்ள சொத்து இனி ஆயுட்காலச் சொத்து அல்ல. முழு உரிமைச் சொத்து. விற்கலாம், கொடுக்கலாம், எழுதி வைக்கலாம். பங்காளியின் நிழல் அன்று அகன்றது.

இடையில் ஒரு செய்தி. மனைவிக்கு உரிமை உண்டு என்றால் அவள் மனைவி என்பது முதலில் நிற்க வேண்டுமல்லவா? புரோகிதர் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணம் இல்லையென்றால் மனைவி ஏது, வாரிசு ஏது? 1967-ல் சென்னைச் சட்டமன்றம் இயற்றிய திருத்தம்தான் அந்தப் பெண்களுக்கெல்லாம் நிலத்தடி கொடுத்தது. மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும். திருமணச் சட்டம் என்று பேசுகிறோம். உண்மையில் அது சொத்துச் சட்டமுமாகும்.

இனி, 1956 சட்டத்தால் மனைவிக்கு எவ்வளவு வருகிறது? கணக்குப் போட்டால்தான் விளங்கும். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

5 ஏக்கர் தோட்டம், 500 சென்ட். கணவன் உயில் எழுதாமல் இறக்கிறான். மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். அவன் தானே சம்பாதித்த தோட்டமாக இருந்தால் ஐவருக்கும் சமபங்கு. மனைவிக்கு 100 சென்ட். நன்று. ஆனால் அது மூதாதையர் வழி வந்த கூட்டுக் குடும்பத் தோட்டம் என்று வையுங்கள். மலையில் அப்படிப்பட்டவையே மிகுதி. அங்கே பிறப்பினாலேயே பங்காளிகள் இருக்கிறார்கள். முன்பு தந்தையும் இரு மகன்களும் மூன்று பங்கு. தந்தையின் மூன்றில் ஒரு பங்கை ஐவர் பிரித்துக்கொண்டார்கள். மனைவிக்கு 33 சென்ட்டும் சொச்சமும். தமிழ்நாடு 1989-ல் மணமாகாத மகளைப் பங்காளியாக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுவதும் எல்லா மகள்களும் பங்காளிகளாயினர். வரவேற்றோம், வரவேற்கிறோம். இப்போது நான்கு பங்கு. தந்தையின் பங்கு 125 சென்ட். அதை ஐவர் பிரித்தால் மனைவிக்கு 25 சென்ட். மகனுக்கு 150, மகளுக்கு 150, அவர்களைப் பெற்று வளர்த்தவளுக்கு 25!

கவனியுங்கள்: மகளுக்கு நீதி வந்தபோது தாயின் பங்கு 33-லிருந்து 25-ஆக இறங்கிற்று. மகளின் உரிமையில் தவறில்லை. ஒரு நூறாண்டுப் போராட்டத்தின் பயன் அது. தவறு வேறிடத்தில் இருக்கிறது. பிறப்பினால் பங்காளியாகலாம், ஆனால் உழைப்பினால் ஆக முடியாது என்பதில் இருக்கிறது. முப்பது ஆண்டு அந்த மண்ணைக் கிளறியவள் அந்தக் குடும்பத்துக் கூட்டுச் சொத்தில் அந்நியள். நம் பக்கத்து வழக்கில் தந்தையும் மக்களும் பாகம் பிரித்துக்கொண்டால்கூட மனைவிக்குத் தனிப் பங்கு இல்லை. கணவன் செத்தால்தான் அவளுக்குப் பங்கு பிறக்கிறது.

உயில் இருந்தால் அந்த 25-ம் போயிற்று. தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம் என்கிறது 30-ஆம் பிரிவு. மனைவிக்கு மிஞ்சுவது மறுபடியும் ஜீவனாம்சமே. இசுலாமியச் சட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. உயிலால் மூன்றில் ஒன்றுக்கு மேல் வாரிசல்லாதார்க்குக் கொடுக்க முடியாது என்ற காவல் அங்கே உண்டு. கொடைக்கானலில் கிறித்தவத் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. பழைய திருவிதாங்கூரில், நம் குமரி மாவட்டம் உட்பட, விதவையின் பங்கு அவள் சாகும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை என்றிருந்தது. மேரி ராய் என்ற ஓர் ஆசிரியை உச்ச நீதிமன்றம் சென்று 1986-ல் வென்றபோது அந்தப் பழஞ்சட்டம் 1951-லேயே செத்துவிட்டது என்று தெரிந்தது. செத்த சட்டம் முப்பத்தைந்து ஆண்டு பெண்களை ஆண்டிருக்கிறது!

உயிலைவிடக் கொடியது ஒன்று உண்டு. விடுதலைப் பத்திரம். கருமாதி முடிந்த பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ, கண்ணீர் காயுமுன், "இங்கே ஒரு கையெழுத்துப் போடு ஆத்தா" என்பார்கள். மகன்களுக்காகத்தானே என்று தாய் போடுவாள். உடன்பிறந்தான் உறவு அறுந்துவிடுமே என்று மகளும் போடுவாள். எந்தச் சட்டமும் அந்த அறைக்குள் நுழைவதில்லை. தோழர்களே, அந்த அறைக்குள் நுழையக்கூடியவர் அதே ஊரில் இருக்கும் நீங்கள்தாம். பதிவு செய்யாத வெள்ளைத் தாளிலோ வாய்ப்பேச்சிலோ நில உரிமை போய்விடாது என்ற ஒரு செய்தியை மட்டுமாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் 1956 சட்டம் எட்டிய வீடுகளைப் பற்றி. அச்சட்டம் குன்னுவர் வீட்டு வாசலுக்கு வந்தது. ஆனால் பக்கத்துக் காட்டுச் சரிவில் உள்ள பளியர் குடிசைக்கு வரவில்லை.

இரண்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். மத்திய அரசு அரசிதழில் அறிவித்தாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. பளியர் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். எனவே 1956-ல் எனக்கும் உங்களுக்கும் பிறந்த சட்டம் அவர்களுக்குப் பிறக்கவேயில்லை. 1956-க்கும் 2005-க்கும் இடையே இந்த மலையில் குறிஞ்சி நான்கு முறை பூத்து உதிர்ந்தது. பிறகு 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அந்த அரசிதழ்த் தாள் மட்டும் அச்சாகவில்லை.

அவர்கள் வழக்கத்தைக் காப்பதற்கே இந்த விலக்கு என்பார்கள். வழக்கம் என்ன? 1960-களில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்த அமெரிக்கர் பீட்டர் கார்ட்னர், ஆணும் பெண்ணும் ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாத சமுதாயமாக அவர்களைக் கண்டார். காட்டில் கிழங்கும் தேனும் தேடி வாழ்ந்தவர்களுக்குப் பட்டா ஏது, பங்கு ஏது? நிலமும் பட்டாவும் நாம் கொண்டுபோய்க் கொடுத்தவை. கூடவே, குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்ற நம் நோயையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். சமத்துவம் அவர்களுடைய வழக்கமாக இருந்தது. உரிமையின்மை நம் சட்டத்தின் கொடை!

நீதிமன்றங்கள் என்ன செய்தன? 2022 டிசம்பரில், ஒடிசாவைச் சேர்ந்த பழங்குடிப் பெண்ணின் வழக்கில், சட்டம் இடம் தராததால் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பங்கு தர இயலவில்லை. ஆனால் சட்டத்தைத் திருத்துவது பற்றி எண்ணுமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்குடிப் பெண்களுக்குச் சமபங்கு உண்டென்று கூறி, அறிவிக்கை பெறத் தமிழக அரசு முயல வேண்டும் என்றது. 2025 ஜூலையில், சத்தீஸ்கர் வழக்கொன்றில், பெண்ணை விலக்கும் வழக்கம் மெய்ப்பிக்கப்படாதபோது சமபங்கே நீதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மகிழ்ந்தோம். மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், இமாசலப் பிரதேச வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், அறிவிக்கை இன்றி 1956 சட்டத்தைப் பழங்குடியினருக்குப் பொருத்த முடியாது என்று திட்டவட்டமாகக் கூறிவிட்டது. ஆக, பளியர் விதவை ஒவ்வொருத்தியும் தனித்தனியே வழக்காடி, பெண்ணை விலக்கும் வழக்கம் இல்லை என்று காட்டித்தான் தன் நிலத்தை மீட்க வேண்டும். வத்தலக்குண்டுக்குப் பேருந்துக் கட்டணம் தேடுபவள் டில்லி வரை வழக்காடுவாளா?

தேவைப்படுவது என்ன? புதுச் சட்டமா? நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையா? ஒன்றும் வேண்டாம். மத்திய அரசின் ஓர் அறிவிக்கை. அரசிதழில் ஒரு பக்கம்.

இதற்கு மறுப்புச் சொல்வோர் பழங்குடியினரிலேயே உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. பெண்ணுக்குப் பங்கு கொடுத்தால் வெளியிலிருந்து வந்து மணப்பவன் நிலத்தைப் பறித்துவிடுவான் என்று அஞ்சுகிறார்கள். மலை நிலம் எப்படிக் கைமாறியது என்பதைக் கண்டவர்கள் அந்த அச்சத்தை எள்ளி நகையாட மாட்டார்கள். ஆனால் அந்த அச்சம் பறிப்பவனைத் தடுக்கச் சட்டம் கேட்க வேண்டிய காரணமே தவிர, அதே இனத்தில் பிறந்து அதே இனத்தில் மணந்து கணவனை இழந்தவளை வெளியே தள்ளுவதற்குக் காரணமாகாது. பளியர் ஊர்களுக்குச் சென்று, அவர்கள் பெண்களோடு அமர்ந்து கேட்டு, அவர்கள் சொல்லும் காவலோடு இந்தக் கோரிக்கையை எழுத வேண்டும். நாம் எழுதி அவர்களிடம் கைந்நாட்டு வாங்குவதும் ஒருவகை விடுதலைப் பத்திரமே.

இந்த இருட்டில் ஒரு விளக்கு எரிகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவு, மணமானவர்களாயின் நில உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியப்பட வேண்டும் என்கிறது. தனித்து வாழும் பெண்ணாயின் அவள் பெயரில். வழிவழி உரிமை உண்டு, விற்க முடியாது, எனவே வெளியாள் பறிப்பான் என்ற அச்சத்துக்கும் அங்கே மருந்து இருக்கிறது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் தமிழகத்தில் உரிமைப் பட்டயம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது.

இரு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956 சட்டம் மனைவியைப் பார்த்து, "உன் கணவன் இறக்கட்டும், அப்போது வா, 25 சென்ட் தருகிறேன்" என்கிறது. 2006 சட்டம், "இன்றே உன் பெயரை அவன் பெயருக்கு அருகில் எழுது" என்கிறது. அவன் இறந்தாலும் பாதி அவளுடையது. அதற்கு எந்தத் தாசில்தாரின் வாரிசுச் சான்றும் வேண்டியதில்லை. மறுபாதியில்தான் வழக்கு. நாட்டிலேயே ஏழைகளுக்காக இயற்றப்பட்ட சட்டத்தில் இருக்கும் இந்த நீதி, காப்பித் தோட்டக்காரர் வீட்டு அம்மாளுக்கு இல்லை! கூட்டுப் பட்டா என்பதை எல்லா மக்களுக்கும் உரிய கோரிக்கையாக நாம் எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை கையில் உள்ளதைக் கொண்டு செய்யக்கூடியது உண்டு. வன உரிமை மனு எழுதும்போது மனைவி பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். கணவன் தானே சம்பாதித்த நிலத்தை உயிரோடு இருக்கும்போதே மனைவி பெயருக்கோ இருவர் பெயருக்கோ செட்டில்மென்ட் எழுதத் தூண்டுங்கள். புதிதாக வாங்குவோர்க்கு ஒரு செய்தி: 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 10 இலட்ச ரூபாய் வரை மதிப்புள்ள நிலமோ வீடோ பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. கொள்கைக்காகச் செய்யாதவரும் காசுக்காகச் செய்வார், செய்யட்டும்.

சென்ற மாதம் சமவெளியில் ஓர் ஊரில் இதையே பேசினேன். மேடையிலிருந்து இறங்கும்போது முன்வரிசையில் இருந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்க வீட்டுப் பட்டாவிலே எங்க மருமக பேரு இருக்குங்களா?" என்று கேட்டார். சுற்றி நின்ற தோழர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் திரும்பியதும் பத்திர எழுத்தரிடம் தாள்களைக் கொடுத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் போகிறோம். அடுத்த முறை நான் மலையேறி வரும்போது அந்தக் கேள்வியை நீங்களும் என்னிடம் கேட்கலாம். நானும் உங்களிடம் கேட்பேன்.